ஆளுக்கு இரண்டு போத்தல் மட்டும்

பிள்ளைகளே, போன தடவை வீட்டுக்கு வந்தபோது நம் கோப்பராசிக் கடை இருந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, “என்னப்பா ஆச்சு?” என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்தே, “உங்கப்பாவயே கேளுங்க, அவருதான கமிட்டி” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பாதிக் கதையைச் சொல்லி, மீதிப் பாதியைச் சிரித்தே முடித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் படிப்பு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மாற்றி எழுதவில்லை.

என் அப்பா காலத்தில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் அரிசியோடு தன் கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கிறார் என்று எல்லாரும் பேசுவார்கள். தோட்டம் கைமாறி, ஜனங்கள் பாக்கார் ஆராங்கில் வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, இனிமேல் எவனும் நம்மை ஏமாற்றக்கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டுக் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தார்கள். கோப்பராசி என்று மலாயில் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. அன்று முதல் வெளியாள் யாரும் நம்மை ஏமாற்றவில்லை. அந்த வேலையை நாமே பார்த்துக்கொண்டோம்.

கடையை நடத்தியவர் அக்கா. எனக்கும் அக்கா, எழுபது வயதுத் தாத்தாவுக்கும் அக்கா. காலையில் கதவைத் தூக்குவதும் அவர்தான், மூட்டை இறக்குவதும் அவர்தான், கல்லாவில் உட்காருவதும் அவர்தான். எங்கள் தலைவர் ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். தலைவருக்கு ஒரு நாற்காலி உண்டு, அதில் உட்காருவார். கமிட்டியில் நான் ஓர் உறுப்பினர். குருண் தொழிற்சாலையில் வேலை முடிந்து, சட்டை மாற்றாமல் கூட்டத்துக்கு வந்து, தலையை ஆட்டிவிட்டுப் போவது என் பொறுப்பு.

நம் தாமான் குடியிருப்பின் முனையில் ஒரு சூப்பர்மார்க்கெட் ஏற்கெனவே இருந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு நேர் எதிரே இன்னொரு கம்பெனி வந்து, அதைவிடப் பெரிதாக ஒன்றைத் திறந்தது. நடுவில் ஒரு சாலைதான். அதற்குப் பிறகு நடந்த சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் காலையில் கோழி விலையைக் குறைத்துப் பதாகை கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பக்கம் அதைவிடக் குறைத்துப் பதாகை ஏறும். கோழி பாவம், காலையில் ஒரு விலைக்குச் செத்தது, மாலையில் அதற்கும் கீழே போய்விடும்.

தீபாவளி நெருங்கியதும் இரண்டு கம்பெனிகளுக்கும் திடீரென்று நம்மேல் அன்பு பொங்கியது. ஒருவர் வாசலில் வண்ண அரிசியில் மயில் கோலம் போட்டார். மயிலுக்குக் கழுத்து வான்கோழிக் கழுத்து. எதிர்க்கடைக்காரர் அதைவிடப் பெரிய மயில் போட்டார். அதற்கு மூன்று கால் என்று உங்கள் அம்மா எண்ணிச் சொன்னாள். பெரிய கடை வாசலில் நிற்கும் நேப்பாளக் காவலருக்கு வேட்டி கட்டிவிட்டு, “வணக்கம்” சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் ஒரு கையால்தான் கும்பிட்டார். இங்கே காலை முதல் நாதஸ்வரம், எதிரே அதைவிடச் சத்தமாக உறுமி. சாலை நடுவே இரண்டும் மோதிக்கொண்டபோது, கல்யாணத்துக்கு வந்திருக்கிறோமா, காவடிக்கு வந்திருக்கிறோமா என்று யாருக்கும் தெரியவில்லை.

நம் ஆட்கள் இரண்டு கடைக்கும் போனார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. விலை குறைந்த இடத்துக்கு மனிதன் போவான். ஆனால் அவர்கள் போன விதம்தான் விசேஷம். கோப்பராசி ஆண்டு விழாவுக்கு எல்லா அங்கத்தினருக்கும் ஒரு மஞ்சள் துணிப்பை கொடுத்திருந்தோம். ‘நமது கடை, நமது பெருமை’ என்று அதில் அச்சடித்திருந்தது. சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சாமானை வெளியே வந்ததும் இந்த மஞ்சள் பைக்கு மாற்றிக்கொண்டு, அக்கா கடை வாசல் வழியாகவே வீட்டுக்கு நடப்பார்கள். அக்கா பார்த்தால், எங்கோ இன்னொரு கோப்பராசியில் வாங்கியதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று.

“பை மட்டும் நம்ம பை, கமிட்டி” என்றார் அக்கா என்னிடம் ஒரு நாள். “உள்ள இருக்குற கோழி எவன் கோழியோ.”

உங்கள் அம்மா மட்டும்தான் அந்தப் பையைத் தொடவில்லை. “நான் அங்கதான் வாங்குறேன். ஒங்க கடை வெங்காயம் மொளச்சி செடியா நிக்குது. அதுக்காக மஞ்சப் பையில ஒளிச்சி எடுத்துக்கிட்டு வரணுமா? திருடுனேனா?” என்று சூப்பர்மார்க்கெட் பையையே வீசி வீசி நடந்தாள். அக்கா அவளைப் பார்த்தால் மட்டும்தான் சிரிப்பார்.

தீபாவளிக்கு முன்பு நடந்த கமிட்டிக் கூட்டத்தில் அக்கா நின்றுகொண்டே பேசினார். மொத்த வியாபாரி இனிமேல் சாமான் தருவது சந்தேகம் என்றார். “வருஷம் பூரா ஓடலனாலும் தீபாவளியில ஓடும், அத வெச்சி மறு தீபாவளி வரைக்கும் தள்ளிருவேன். இந்தத் தடவ தீபாவளியும் ஓடலனா நான் சாவியக் குடுத்துருவேன். கடை இல்ல. எனக்குச் சோறும் இல்ல. அத மட்டும் மனசுல வெச்சிக்கிட்டுப் பேசுங்க.”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அங்கத்தினர்களே, எதிரியின் பலத்தை அறியாமல் போருக்குப் போகலாகாது” என்று தொடங்கி, விலை பார்க்கும் குழு ஒன்றை அமைத்தார். குழுவுக்குத் தலைவன் நான். குழுவில் வேறு யாரும் இல்லை.

மறுநாளே நான் பெரிய கடைக்குள் போனேன். எண்ணெய், மாவு, பருப்பு விலைகளை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு குழந்தைகளுக்கான துணி இருக்கும் வரிசையில் திரும்பினால், ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. அதில் கழுத்து வரைக்கும் சாமான். அதன் பின்னால், இருக்கும் முடிக்கெல்லாம் மை போட்ட ஒரு தலை, குழந்தைத் துணிப் பொட்டலங்களுக்கு நடுவே குனிந்திருந்தது.

“தலைவரே!”

“அட, தம்பியா? நானும் வெல பாக்கத்தான் வந்தேன்.”

“வண்டி நெறைய இருக்கே?”

“வெறும் வண்டியத் தள்ளுனா சந்தேகப்படுவானுங்க லா. கொஞ்சம் போட்டு வெச்சிக்கிட்டா நம்மளையும் கஸ்டமர்னு நெனப்பான்.”

“நல்லா நெனப்பான், தலைவரே. ஐஸ்கிரீம்கூட இருக்கு.”

அவர் பேச்சை மாற்ற, என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது. சமையல் எண்ணெய் விலையில் அவர் விரல் நின்றது. எதிர்க்கடையோடு போட்டிபோட்டு, இவர்கள் எண்ணெயை நட்டத்துக்கு விற்றார்கள். நம் மொத்த வியாபாரி அக்காவுக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவு. ஆளுக்கு இரண்டு போத்தல் மட்டும் என்று பலகை தொங்கியது.

தலைவர் கண்ணில் ஒளி வந்தது. தோட்டத்தில் சம்பள நாளில் அந்த ஒளி வரும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். “தம்பி, மொத்த வியாபாரி எதுக்கு? எதிரியோட கத்திய எடுத்தே எதிரியக் குத்துவோம்.”

திட்டம் இதுதான். அங்கத்தினர் எல்லாரும் கோப்பராசிப் பணத்தில் தினமும் ஆளுக்கு இரண்டு போத்தல் எண்ணெய் அங்கே வாங்க வேண்டும். அதைக் கொண்டுவந்து அக்கா கடையில் அடுக்க வேண்டும். அதே விலைக்கு நாம் விற்க வேண்டும். கமிட்டியில் எல்லாரும் கைதட்டினார்கள். தலையை ஆட்டும் என் பொறுப்பை நானும் செய்தேன்.

அக்கா மட்டும் கேட்டார்: “அங்க கெடைக்கிற வெலைக்கே இங்கயும் வித்தா, ஜனங்க ஏன் இங்க வரணும்? அங்கேயே வாங்கிக்க மாட்டாங்களா?”

தலைவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சங்க உணர்வும்மா, சங்க உணர்வு” என்றார். எங்களுக்கு அது பெரிய பதிலாகப் பட்டது. கணக்குத் தெரியாதவர் என்று அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

நம் ஆட்கள் வரிசையில் நின்ற அழகை எப்படிச் சொல்வது? அக்கா கடைக்கு வர நேரமில்லை என்று வருடக்கணக்காகச் சொன்னவர்கள், பசியாறாமல்கூட ஓடிவந்து சூப்பர்மார்க்கெட் கதவு திறப்பதற்கு முன்பே நின்றார்கள். அதுவும் ஒற்றுமையைக் காட்ட, தலைவர் சொன்னபடி கோப்பராசிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. மஞ்சள் சட்டை, மஞ்சள் பை. தூரத்திலிருந்து பார்த்தால் தைப்பூசத்துக்கு நடைப்பயணம் போகிற கூட்டம் போல இருக்கும். கோப்பராசிக்கு இரண்டு போத்தல் எடுத்தவர்கள், வந்ததே வந்தோம் என்று மனைவியை இன்னொரு வரிசையில் நிறுத்தி வீட்டுக்கும் இரண்டு எடுத்துக்கொண்டார்கள். அப்படியே முறுக்கு மாவு, நெய், முந்திரி. இதையெல்லாம் வாங்க அக்கா கடைக்கு வருவார்கள் என்றுதான் எண்ணெய்த் திட்டமே போட்டோம்.

தலைவர் எல்லாரையும்விட உழைத்தார். முதல் கவுண்டரில் இரண்டு போத்தல், வெளியே வந்து சுற்றிக்கொண்டு கடைசிக் கவுண்டரில் இரண்டு போத்தல், தொப்பி போட்டுக்கொண்டு நடுக் கவுண்டரில் இரண்டு போத்தல். ஒவ்வொரு தடவையும் தன்னுடைய வாடிக்கையாளர் அட்டையை மறக்காமல் நீட்டுவார். அதில் புள்ளி ஏறும்.

கூட்டம் முடிந்தால் நாங்கள் டீ குடிக்கும் உணவுக்கடையின் முதலாளி ஒரு தமிழ் முஸ்லிம். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். டீயை ஆற்றிக்கொண்டே அவர் விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

“அண்ணே, வெளங்கலயே. அவன் கடையில வாங்கி, தூக்கியாந்து, அவன் வெலைக்கே விக்கிறீங்க?”

“ஆமா நானா.”

“லாபம்?”

“சங்க உணர்வு.”

“எங்கத்தா காலத்துலேருந்து வியாபாரம் பாக்குறோம்ணே. இதுக்குப் பேரு கூட்டுறவு இல்ல, கூலி வாங்காத டெலிவரி. அந்த முதலாளி ஒங்களுக்குச் சம்பளம் குடுக்கணும்.”

தலைவர் கோபித்துக்கொண்டு பாதி டீயோடு எழுந்தார். பிறகு திரும்பி வந்து மீதியையும் குடித்துவிட்டுப் போனார்.

அக்கா கடை எண்ணெயால் நிறைந்தது. தட்டு நிறைந்து, தரை நிறைந்து, வாசல் வரை மஞ்சள் சுவர். ஒவ்வொரு போத்தலிலும் சூப்பர்மார்க்கெட்டின் சிவப்பு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதோடு விற்றால் மானம் போகும் என்றார் தலைவர். அக்கா கல்லாவில் உட்கார்ந்து, துணியை நனைத்து நனைத்து ஒவ்வொரு சீட்டாகச் சுரண்டினார். சீட்டு வந்தாலும் பசை வரவில்லை. அதில் தூசி ஒட்டி, எல்லாப் போத்தலும் சட்டைப்பையில் கறை பட்டது மாதிரி நின்றன. நான் ஒரு மாலை போயிருந்தபோது அக்காவின் கட்டைவிரல் நகம் தேய்ந்து சிவந்திருந்தது.

“யாராச்சும் வந்தாங்களாக்கா?”

“வந்தாங்க கமிட்டி. இன்னும் ரெண்டு போத்தல் வெச்சிட்டுப் போனாங்க.”

தீபாவளி வந்தது, போனது. எல்லா வீட்டிலும் முறுக்கு வெந்தது. எண்ணெய்ச் சுவரில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை.

பண்டிகை முடிந்த வாரம் உங்கள் அம்மா சூப்பர்மார்க்கெட்டிலிருந்து பையை வைத்த கையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போய்ப் பாருங்க. ஒங்க தலைவரு அங்க சாமி மாதிரி தொங்குறாரு.” போய்ப் பார்த்தேன். வாசலுக்குள் நுழைந்ததும் பெரிய படம். மாதத்தின் சிறந்த வாடிக்கையாளர். தலைவர் இரண்டு கையாலும் ஒரு பரிசுக் கூடையைத் தூக்கிப் பிடித்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். கூடை கொஞ்சம் மேலே போய்விட்டதால் சட்டையில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது: ‘நமது கடை, நமது பெருமை’. புள்ளி கூட்டும் கணினிக்கு எதிரி யார், நண்பன் யார் என்று தெரியுமா? எவன் நிறைய வாங்கினானோ அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

அன்று முதல் மஞ்சள் பையில் ஒளிக்கும் பழக்கம் நின்றது. தலைவரே அங்கே வாங்குகிறார், படமே மாட்டியிருக்கிறார்கள், நமக்கு என்ன வெட்கம் என்று எல்லாரும் வாங்கியதைக் கையில் பிடித்துக்கொண்டே அக்கா கடையைக் கடந்தார்கள். தலைவரிடம் நான் கேட்டேன். “கூடைய வேணாம்னு சொல்லியிருக்கலாமே?” அவர் என்னைப் பார்த்தார். “தம்பி, எதிரி தோத்துப் போயி கப்பம் கட்டுறான். வேணாம்னா சொல்லுவாங்க?”

அக்கா சாவியை மேசையில் வைத்தார். சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டியதாயிற்று. கடையைத் தொடர்வதா, மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விடுவதா என்பது ஒன்றுதான் கேள்வி. நம் ஆட்கள் கூட்டத்துக்கு எதற்கு வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பொதுக்கூட்டம் என்றால் வாசலில் அன்பளிப்பு உண்டு. ஒரு வருடம் குடை, ஒரு வருடம் சுவர்க்கடிகாரம். அன்பளிப்பு இல்லாவிட்டால் கமிட்டிக்கே ஆள் சேராது. இந்தத் தடவை அன்பளிப்பு வாங்கக் காசு இல்லை. ஆனால் எண்ணெய் இருந்தது.

கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. கடையில் நான் ஒருநாளும் பார்க்காத முகங்கள். வாசலில் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு போத்தல் எண்ணெய் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேடையில் கமிட்டிக்கும் மேசைமேல் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்னடா, பிசுபிசுன்னு ஒட்டுது? பழைய சரக்கா?” என்றார். அதை வரிசையில் நின்று வாங்கி வந்ததே அவராகவும் இருக்கலாம்.

தலைவர் நிறையப் பேசினார். நம் முன்னோர் என்றார், ரப்பர் மரம் என்றார், வியர்வை என்றார். ஒருவர் எழுந்து, “தலைவரே, சாப்பாடு எப்ப?” என்று கேட்டதும் பேச்சு சட்டென்று தீர்மானத்துக்கு வந்தது.

“கடை தொடரணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

மண்டபத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் கையைப் பார்த்தார்கள். அப்போது அக்கா எழுந்தார். அவர் குரல் உயரவே இல்லை.

“கொஞ்சம் இருங்க. கை தூக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். தொடரணும்னு கை தூக்குறவங்க, நாளைக்குக் காலையில கடைக்கு வந்து ஒரு சாமான் வாங்கணும். ஒரு உப்புப் பாக்கெட்டு போதும். வாங்க மாட்டேன்னா தயவுசெஞ்சி தூக்காதீங்க. நீங்க கை தூக்கித் தூக்கித்தான் நான் இத்தன வருஷம் அங்க ஒத்தையா நிக்கிறேன்.”

ஒரு கைகூட எழவில்லை. ஓர் உப்புப் பாக்கெட்டு அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“மூடிரலாம்னு நினைக்கிறவங்க?”

முதலில் உயர்ந்தது அக்காவின் கை. வெறும் கை. பிறகு மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. அவசரத்தில் பல பேர் போத்தலைக் கீழே வைக்கவில்லை. பிடித்தபடியே தூக்கினார்கள். மேடையிலிருந்து பார்த்தால் கை தெரியவில்லை, எண்ணெய்தான் தெரிந்தது. மண்டபத்து விளக்கில் அது மினுமினுவென்று, விளக்குப் பூஜை போல இருந்தது. என் போத்தல் மேசைமேல் இருந்தது. என் இரண்டு கையும் அதைப் பிடித்திருந்தன, தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. தலைவர் குனிந்து எழுதினார்: ஒருமனதாக நிறைவேறியது. அன்றைய சாப்பாட்டுக்குச் சாமான் எந்தக் கடையில் வாங்கினோம் என்று கேட்காதீர்கள். அங்கே விலை குறைவு.

அக்காவை நினைத்து அழாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. இப்போது குருணில் எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கோப்பராசியில் அவருக்கு அது கிடைத்ததே இல்லை. என் தட்டு வந்தால் அகப்பையைப் பாதியிலேயே நிறுத்தி, “கமிட்டிக்குக் கொழம்பு இவ்ளோ போதும். மிச்சத்துக்கு உணர்வ ஊத்திக்கட்டும்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். வரிசையே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுத் தட்டை நகர்த்துவேன்.

என் அன்பளிப்புப் போத்தல் என்ன ஆயிற்று என்பது மட்டும் உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து வந்த அன்று, “எண்ணெ குடுத்தாங்களாமே, எங்க?” என்று கேட்டாள். “வெச்சிருக்கேன்” என்றேன். காடியின் பின்பெட்டியில் போட்டிருந்தேன். வீட்டுக்குள் கொண்டுவர மனம் வரவில்லை. அந்த எண்ணெயில் பொரித்த அப்பளம் எனக்கு இறங்காது. அந்த வாரம் முழுக்க நான் வேலைக்குக் காடி ஓட்டிப் போகும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அது இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உருண்டு போய் டொக்கென்று இடித்தது. குருண் வரைக்கும் டொக், திரும்பி வரும்போதும் டொக். யாரோ பின்னால் உட்கார்ந்து கதவைத் தட்டிக் கேட்பது மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகச் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். போத்தலை மஞ்சள் பையில் வைத்திருந்தேன். வாசலில் தலைவர் படத்தை எடுத்துவிட்டார்கள், அந்த மாதம் வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தார். மயிலும் போய்விட்டது, நேப்பாளக் காவலர் பழையபடி காற்சட்டையில் இருந்தார். எண்ணெய் வரிசைக்குப் போய், முன்னால் இருந்த போத்தல்களைக் கொஞ்சம் தள்ளி, அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே என் போத்தலை வைத்தேன். பசைக் கறை தெரியாமல் பின்பக்கமாகத் திருப்பினேன். பிறகு மனம் கேட்காமல், கறை முன்னால் தெரியும்படி மறுபடி திருப்பி வைத்துவிட்டு நடந்தேன்.

கவுண்டரைத் தாண்டி வெளியே வரும்போது காவலர் கையை நீட்டி நிறுத்தி, ரசீது கேட்டார். வெறும் பையைத் திறந்து காட்டினேன். குனிந்து உள்ளே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் பையைப் பார்த்தார். நான் அதை நான்காக மடித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காடிக்கு நடந்தேன்.